ஆஸ்பத்திரிக் கோயிலின் வாங்குகள்

அன்பு மகனுக்கு,

போதுமான காலம் பேசாமல் இருந்துவிட்டேன். உன் கல்யாணப் பேச்சு தொடங்கிய பிறகு உனக்காகப் பேசாமல் இருந்தேன். அதற்கு முன்பு யாருக்காகப் பேசாமல் இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இப்போது ஆஸ்பத்திரிக் கோயிலைப் புதுப்பித்துத் திறக்கிறார்கள், அந்தத் திறப்பு விழாவோடு உன் கல்யாணமும் அங்கேயே நடக்கப்போகிறது. விழா மலருக்குக் கோயிலின் வரலாற்றை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள், ஊரில் வரலாறு படிப்பிக்கிறவன் நான் என்பதால். "சுருக்கமா, ஒருத்தருக்கும் நோகாத மாதிரி எழுதுங்கோ மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார் மலர்க்குழுச் செயலாளர். யாருக்கும் நோகாத வரலாறு ஒன்றை நான் இதுவரை படித்ததுமில்லை, படிப்பித்ததுமில்லை. ஆகவே அதை உனக்குக் கடிதமாக எழுதுகிறேன். அவர்கள் கேட்ட வரலாறு இதற்குள் இருக்கிறது. மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் இஷ்டம்.

கோயில் முகப்பில் பதிக்கப்போகும் கல்லின் வாசகத்தை எழுதியவன் நீ. கொழும்பிலிருந்து எனக்கு அதை அனுப்பி, "அப்பா, எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி விடுங்கோ" என்று கேட்டாய். எழுத்துப்பிழை ஒன்றும் இருக்கவில்லை. நீ கட்டடப் படம் வரைகிற கையால் தமிழும் ஒழுங்காகத்தான் எழுதுகிறாய். கட்டியவர்களின் விபரம், யாருடைய நினைவாகக் கட்டப்பட்டது என்பது, எல்லாம் சரி. நாலாவது வரியில் "யுத்த காலத்தில் ஆலயத்தின் வாங்குகள் கள்வர்களால் கொள்ளையிடப்பட்டன" என்று எழுதியிருந்தாய். அதை உனக்குச் சொன்னவர் உன் மாமனாராகப் போகிறவர், புனரமைப்புக் குழுவின் தலைவர். நீ அவரைச் சந்தேகிக்க வேண்டிய காரணம் இல்லை. "எல்லாம் சரி" என்று உனக்குப் பதில் அனுப்பிவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.

முதலில் கோயிலைப் பற்றிச் சொல்கிறேன். அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் உன் மாமனாரின் அப்பாவுடைய தங்கை தாதியாக இருந்தார். மலேரியாக் காய்ச்சல் பரவிய ஒரு மாரியில் காய்ச்சல்காரரைப் பார்த்துப் பார்த்தே அவருக்கும் வந்தது. அதே விடுதியில், தான் மருந்து கொடுத்த கட்டில் ஒன்றில் இறந்தார். கல்யாணம் ஆகாதவர். வசதியுள்ள குடும்பம், அவருடைய நினைவாக ஆண்கள் விடுதிக்கும் பிள்ளைப்பேற்று விடுதிக்கும் நடுவில் அந்தச் சிறிய வேதக் கோயிலைக் கட்டிக் கொடுத்தார்கள். வாங்குகளுக்கான மரத்தைக் கொடுத்தவர் முல்லைத்தீவில் மரக்காலை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி. அவருடைய மனைவியின் தலைப்பிள்ளைப் பேறு கடினமாகி, தாயையும் பிள்ளையையும் அந்தத் தாதிதான் காப்பாற்றினாராம். கோயில் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு லொறியில் முதிரைக் குற்றிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். சனம் இருந்து செபிக்க அந்த மரத்தில் செய்த நீண்ட வாங்குகள், ஒன்றைத் தூக்க நாலு பேர் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பிரேத அறை என்று ஒன்று இல்லை. இரவில் யாராவது இறந்தால், சொந்தக்காரர் வண்டியோ உழவு இயந்திரமோ கொண்டுவரும் வரை உடலைக் கோயிலுக்குள்தான் வைப்பார்கள். எந்தச் சமயத்தவர் என்று பார்ப்பதில்லை. குடும்பம் அந்த வாங்குகளில் இருந்து விடியும் வரை பார்த்திருக்கும். உள்ளே, கோயிலைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரி சிஸ்டர் செபம் சொல்லுவார், சைவக் குடும்பம் வெளியே விறாந்தையில் கற்பூரம் கொளுத்தும். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இருந்ததாக யாரும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் "கோயிலுக்குள்ள வைச்சிருக்கினம்" என்றாலே ஆள் முடிந்துவிட்டார் என்று விளங்கும். மலருக்கு நான் எழுத வேண்டிய வரலாறு உண்மையில் இதுதான். அந்தக் கோயிலில் பூசை நடந்ததைவிடச் செத்தவீடு நடந்தது அதிகம்.

முன் வாங்கு மட்டும் அந்தக் குடும்பத்துக்கு உரியது. அதன் சாய்மனைப் பலகையில் அவர்களுடைய குடும்பப் பெயரின் முதலெழுத்தைச் செதுக்கியிருந்தார்கள். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சின்னப் பையனாக, தெரியாமல் அதில் போய் இருந்துவிட்டேன். உன் மாமனாரின் தாயார் வந்து நின்றார். கதிரையில் ஏறிய கோழியைப் பார்ப்பது போலப் பார்த்தார். எழுந்து பின்னால் போனேன். இதை நாற்பது வருடமாக வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். இதை மட்டுமா? என்னைத் தாண்டி அதிபரானவர்கள், முகாமில் நாங்கள் இருந்தபோது ஒரு தடவைகூட விசாரிக்காத என் தமையன், எல்லோரும் இருக்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்காக உன் அம்மா என்னைப் பகிடி பண்ணாத நாள் இருந்ததில்லை. "இஞ்சேருங்கோ, வகுப்பில இடாப்புக் கூப்பிடுற மாதிரித்தான் நீங்கள் உங்கட கோவங்களையும் ஒவ்வொரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிடுறியள். ஒருத்தரும் லீவு எடுக்கக் கூடாது உங்களுக்கு" என்பார். நான் சிரிக்க மாட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்.

இனி உனக்குச் சொல்லாததைச் சொல்கிறேன். யுத்தத்தின் கடைசி வருடத்தில் சனம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அந்த ஆஸ்பத்திரியைச் சுற்றிக் குவிந்தபோது, விடுதிகளில் இடமில்லை, கோயிலுக்குள்ளும் இடமில்லை. பெட்டி செய்யப் பலகை எங்கேயும் இல்லை. பிறகு வந்த மாதங்களில் பெட்டியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, ஆனால் அப்போது இன்னும் யோசித்தார்கள். சண்டை முடிந்ததும் தோண்டி எடுத்து ஊரில் கொண்டுபோய் முறைப்படி அடக்கம் செய்யலாம் என்று நம்பினார்கள். சாக்கில் சுற்றி வைத்தால் பிறகு யாரை யார் என்று கண்டுபிடிப்பது? ஆஸ்பத்திரியில் பெட்டி அடிக்கும் வேலையைச் செய்தவர் குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு தச்சர். வாய் ஓயாத மனிதர். சைவர். சிஸ்டர் அவரைக் கூப்பிட்டுக் கோயில் கதவைத் திறந்துவிட்டபோது நானும் அங்கே நின்றேன், விடுதிக்குத் தண்ணீர் கொண்டுபோக வந்தவன்.

"வாங்குகளை எடுங்கோ தம்பி" என்றார் சிஸ்டர்.

"கோயில் சாமானெல்லோ சிஸ்டர். நாளைக்கு உங்கட ஆண்டவர் என்னட்டத்தான் கணக்குக் கேப்பார்."

"அவர் என்னட்டக் கேக்கட்டும். இது அந்தப் பிள்ளையின்ர ஞாபகத்துக்குக் கட்டினது. அவ காய்ச்சல்காரரோட கிடந்து செத்தவ. வெளியில சனத்தைச் சாக்கில சுத்திப் புதைக்க விட்டிட்டு, நான் உள்ளுக்க வாங்கு துடைச்சுக்கொண்டு இருந்தால் அவ என்ன நினைப்பா? அறுங்கோ."

அன்றிலிருந்து அறுத்தார். கவனி, பின் வரிசையிலிருந்துதான் தொடங்கினார். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாங்காக முன்னுக்கு முன்னுக்கு வந்தார். பெட்டி கேட்டு வந்தவர்களும் பின் வாங்கைத்தான் காட்டினார்கள். தலைக்கு மேலே ஷெல் போகும்போதும் எங்கள் சனம் அந்த முன் வாங்கைத் தொடவில்லை. அது அவர்களுடையது. அந்தக் குடும்பம் கொழும்புக்குப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனாலும் அது அவர்களுடையது. கொள்ளைக்காரர் என்று நீ கல்லில் எழுதப்போகிற சனம் இதுதான்.

உன் அம்மா சங்கக்கடையில் பால்மா கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் வரிசையில் நின்றபோது காயப்பட்டார். உன்னை நாங்கள் தருமபுரத்தில் மாமியிடம் விட்டிருந்தோம். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், சுகமாகி வருவார் என்று மாமி உனக்குச் சொல்லியிருந்தார். வயிற்றில் காயம். கதைத்துக்கொண்டுதான் இருந்தார். உனக்குச் சட்டை தைக்கக் கொடுத்ததை வாங்கவில்லை என்று கவலைப்பட்டார். ஒரு காலையில் நான் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். தச்சரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மரம் அறுக்கிற வாளைக் கீழே வைத்தார். "மாஸ்டர், பலகை முடிஞ்சுது. முன் வாங்கு ஒண்டுதான் கிடக்கு" என்றார்.

"அது அவையின்ர வாங்கெல்லோ" என்றேன். உன் அம்மாவின் உடல் பக்கத்தில் கிடக்க, நான் சொன்ன வார்த்தை அது.

"ஓம், அவையின்ரதான். அவை கொழும்பில இருக்கினம். பஸ் ஏறிப் போய்க் கேட்டிட்டு வரட்டோ?" என்றார் அவர். பிறகு குரலைத் தணித்து, "பிடியுங்கோ மாஸ்டர் அந்தப் பக்கத்தை" என்றார்.

பிடித்தேன். முதிரைக்குள் ஆணி இறங்காது, வளைந்துவிடும். பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டில் ஒவ்வோர் ஆணியாகத் தேய்த்துத் தேய்த்து அடித்தார். எழுத்துச் செதுக்கிய பலகை வந்தபோது நிறுத்தி, "இதை எங்கை வைக்க?" என்று கேட்டார். "கீழை வையுங்கோ" என்றேன். உன் அம்மா அதன் மேல் கிடக்கிறார். நீ ஒவ்வொரு கார்த்திகையிலும் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்துகிற கல்லறைக்குள் இருப்பது அந்தக் கோயிலின் முன் வாங்கு. பிறகு பெட்டி செய்ய ஒன்றும் இருக்கவில்லை, செய்வதற்குத் தச்சரும் இருக்கவில்லை. மாத்தளன் வரை அவரைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. சிஸ்டர் செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்து நெடுநாள் இருக்கவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது கோயிலுக்குக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை. அவற்றையெல்லாம் யாரோ கழற்றிக்கொண்டு போனது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. உன் மாமனார் கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்து இறங்கி, வாசலில் நின்று உள்ளே பார்த்தார். "வன்னிச் சனம் ஒண்டையும் விட்டு வைக்கேல்லை" என்றார். நான் ஐந்து அடி தள்ளி நின்றேன். அவருக்கு நான் யார் என்று தெரியாது. அவர் கண்ணில் ஈரம் இருந்ததையும் சொல்ல வேண்டும். அது அவருடைய அத்தையின் கோயில். அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கேட்காமல் தீர்மானித்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்கியத்தை என் இடாப்பில் எல்லாவற்றுக்கும் மேலே எழுதி வைத்துத் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நீ கம்பஸில் ஒரு பிள்ளையை விரும்புகிறேன் என்று சொன்னாய். யாருடைய மகள் என்று கேட்டேன். நீ சொன்னாய். அன்றைக்கே வாயைப் பூட்டிக்கொண்டேன்.

குழுவின் கடைசிக் கூட்டத்துக்கு முல்லைத்தீவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மரம் கொடுத்த வியாபாரியின் மகன். அன்று தாயோடு சேர்த்துக் காப்பாற்றப்பட்ட தலைப்பிள்ளை அவர்தான். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் வடக்கை விட்டு வெளியேற வேண்டியிருந்தபோது புத்தளத்துக்குப் போய், நரைத்த பிறகு திரும்பி வந்து சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். நீ கூட்டத்துக்கு வர முடியாமல் போனது. புது வாங்குகளின் படத்தைத் தலைவர் காட்டியபோது அவர் எழுந்து, "எங்கட வாப்பா குடுத்த மரத்தில செஞ்ச வாங்கெல்லாம் எங்க போன?" என்று கேட்டார்.

"களவு போட்டுது நானா" என்றார் உன் மாமனார்.

"நாலு பேர் தூக்குற வாங்கு. கள்ளனும் நல்லாக் கஷ்டப்பட்டிருப்பான்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயைத் திறந்து சிரிப்பது போல இருந்தேன். கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது பக்கத்தில் வந்து, "மாஸ்டர், நீங்க கடைசி மட்டும் இங்கதானே இருந்தீங்க?" என்றார். "ஓம்" என்றேன். "அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றார். நான் சாவியைப் போட்டுக் காலால் உதைத்துக்கொண்டே இருந்தேன். மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லை. "சரி, சொல்ல ஏலாட்டி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்து போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய கடைக்குப் போய்ச் சொன்னேன். முதல் தடவையாக ஒரு மனிதனிடம் சொன்னேன், அதுவும் அரிசி மூட்டையில் இருந்துகொண்டு. நடுவில் சவர்க்காரம் வாங்க வந்த பிள்ளைக்கு அவர் மிச்சக்காசு கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். "எங்கட ஆக்களுக்குப் பெட்டி இல்ல மாஸ்டர். நாங்க மண்ணோட மண்ணாத்தான் வைக்கிற. வாப்பாட மரம் அந்தச் சனத்தோட போயிருக்கு எண்டா, அது களவில்ல" என்றார். பிறகு, "எனக்குச் சொல்லிட்டீங்க. மகனுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "என்ன மனுசன் நீங்க" என்றார். தேத்தண்ணி வாங்கித் தந்துதான் சொன்னார், ஆனால் சொன்னார்.

இன்னொருத்தியும் என்னிடம் கேட்டாள். நீ கட்டப்போகிற பிள்ளை. தாயோடு வீட்டுக்கு வந்தபோது, குசினியில் கோப்பை கழுவ வந்து நின்றுகொண்டு, "மாமா, அந்தக் கல்லில எழுதினதில உங்களுக்கு ஏதோ பிடிக்கேல்லை. அப்பா வாசிச்சுக் காட்டேக்க நீங்கள் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்" என்றாள். "ஒண்டுமில்லை பிள்ளை" என்றேன். அவள் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்ட பெண் உன் அம்மாவுக்குப் பிறகு அவள்தான். இதை அவளிடம் முதலில் காட்டு. அவளுடைய அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று உன்னைவிட அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே நடந்துகொள். வீட்டில் சண்டை வரக்கூடாது என்று எதையும் விழுங்காதே. நான் உன் அம்மாவிடம் விழுங்கியவை எல்லாம் எனக்குள் புளித்துப்போயின. அவரோடு சண்டை பிடித்தவை இரண்டு நாளில் தீர்ந்தன. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இதற்கு மேல் இல்லை.

நான் கேட்பது அந்த நாலாவது வரியைத்தான். "இவ்வாலயத்தின் வாங்குகள் யுத்த காலத்தில் இங்கே இறந்தவர்களுக்குப் பெட்டிகளாயின" என்று மாற்று. அளவும் ஏறத்தாழ அதேதான், கல்லை வெட்டுகிறவருக்குக் கஷ்டம் இராது. கூரையும் கதவும் களவு போனதை எழுத விரும்பினால் எழுதட்டும். புதிய முன் வாங்கிலும் அந்த எழுத்தைச் செதுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதை நிறுத்து என்றும் ஒரு பந்தி எழுதியிருந்தேன். திரும்ப வாசித்தபோது அது உன் அம்மாவுக்காக எழுதியது இல்லை, வாங்கிலிருந்து எழுப்பப்பட்ட பையன் எழுதியது என்று தெரிந்தது. கிழித்துவிட்டேன். செதுக்கட்டும். அவர்கள் அதில் இருக்கட்டும். ஆனால் அந்த நாலாவது வரி அப்படியே இருந்தால், நான் உன் கல்யாணத்தன்று விறாந்தையோடு நின்றுவிடுவேன். கோபத்தில் சொல்லவில்லை, மகனே. உன் அம்மாவைக் களவெடுத்த பலகையில் கிடத்தினேன் என்று எழுதிய கல்லைத் தாண்டி என்னால் உள்ளே வர முடியாது. அப்படி நின்றால் நீ யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். அவரோடும் சண்டை பிடிக்க வேண்டாம். அந்தப் பிள்ளையை விட்டுவிட மட்டும் நினைக்காதே.

எழுதி முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடப் போனேன். பெரிதாக, முழுப் பெயரோடு, பதவியோடு போடத்தான் ஆசை. தலைவர் அதை வாசித்து, கூட்டத்தில் எழுந்து என்னிடம் மன்னிப்புக் கேட்பதை எத்தனையோ தடவை மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் பெயரைக் கண்டதும் அவர் என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும். மாஸ்டருக்கு எங்களோடு பழைய கோபம் என்பார். அது உண்மைதான், ஊரே ஆமென்று தலையாட்டும். வாங்குகளின் கதை அத்தோடு முடிந்து என் கோபத்தின் கதையாகிவிடும். அந்த மரத்தோடு போனவர்களின் வீடுகள் வட்டக்கச்சியில் இருக்கின்றன, தருமபுரத்தில் இருக்கின்றன, எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு இருக்கின்றன. இதை அந்த வீடுகளில் எவரும் எழுதியிருக்கலாம். எழுதியவன் யார் என்று பலருக்குத் தெரியவரும், வரட்டும். கேட்டால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் தாளில் என் பெயர் இருக்காது. ஒரு பிரதி மலர்க்குழுவுக்கு, ஒரு பிரதி உனக்கு. இரண்டையும் உறையில் போட்டு ஒட்டிவிட்டேன், கீழே கையெழுத்து இல்லாமல். காலையில் பள்ளிக்கூடம் போகும்போது கிளிநொச்சித் தபால் கந்தோரில் போட்டுவிடுவேன்.